அறுத்த மரம் தளிர்க்காது

ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டில் மலாக்காவுடன் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பெருமையைப் பேசாத மேடையில்லை. ஆயின் பழைய கடைவீடுகளுக்குள் நிகழ்வது யாது? செதுக்குவேலை அமைந்த மரத்தடுப்பைச் சதுரமாக அறுத்து, வெண்ணிறச் சாக்கெட்டைப் பதிக்கின்றனர். தச்சன் பல நாள் இழைத்த பூங்கொடி அரைமணியில் அழிகின்றது.

"வீடு வாழ்வதற்கே, காட்சிக்கு அன்று" என்பர் சிலர். உண்மையே. பினாங்கின் புழுக்கத்தில் விசிறியின்றி எவர் வாழ்வார்? சாக்கெட்டே வேண்டாவெனத் தடுப்பதும் பேதைமை. போதிய சாக்கெட் இல்லாத வீட்டில் நீட்டிப்புக் கம்பிகள் பின்னிக் கிடக்கும். பளு மிகுந்து சூடேறும். உலர்ந்த பழமரம் தீக்கு இரையாகும். ஆகவே, சாக்கெட் வேண்டுமா என்பதன்று வினா. எங்கே என்பதே வினா.

மின்சாரம் பரவிய தொடக்கக் காலத்தில் கம்பிகளைக் காடி இழைத்த மரச்சட்டத்துள் இட்டுச் சுவரின் மேலேயே கொண்டுசென்றனர். அவ்வழி இன்றும் தகும். குழாய் சுவரின் மேற்செல்லட்டும். சாக்கெட் செங்கற்சுவரில் அமையட்டும். பெயர்ந்த சுண்ணாம்புப் பூச்சை மீண்டும் பூசலாம். அறுத்த மரம் தளிர்க்குமா? மேல்தளம் தாங்கும் உத்தரத்தின் அடிவிளிம்பை வெட்டுவதோ இன்னும் கொடிது. இழுவிசை மிகுந்த அவ்விடம் குறைந்தால், அழகோடு வலிமையும் போகும்.

"செலவு மிகும்" என்பது அடுத்த சாக்கு. சுவரைக் குடைந்து மீண்டும் பூசுவதினும் மேற்பரப்புக் குழாய்க்கு வேலை குறைவே. இங்குக் குறைவது பணமன்று, அக்கறை.

மரபு என்னும் சொல்லுக்கு வகுப்பறையில் பொருள் கூறும் ஆசிரியர், மாணவரை ஒருமுறை லெபோ பாசாருக்கு அழைத்துச் சென்று ஒரு பழைய மரக்கதவைத் தொட்டுப் பார்க்கச் செய்யட்டும். தொட்டறிந்த கை, நாளை வாளை எடுக்குமுன் தயங்கும்.