கழிமுகத்தின் கணக்கு



வலியசாலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கிள்ளிப்பாலம். பாலத்தில் நின்று ஆற்றைக் குனிந்து பார்ப்பவர், நுரையும் நாற்றமும் கண்டால் "ஆறு கெட்டது" என்பர். மழை பெய்து நீர் தெளிந்தால் "ஆறு பிழைத்தது" என்பர். இரண்டும் கண்ணையும் மூக்கையும் நம்பிக் கூறும் தீர்ப்புகள். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து செல்லும் பொருளை யார் எண்ணிப் பார்க்கின்றனர்?

கிள்ளியாறு கரமனையாற்றில் கலக்கிறது. கரமனையாறு அகத்தியமலைப் பக்கத்திலிருந்து இறங்கி, திருவல்லத்தைக் கடந்து கடலை அடைகிறது. மலையில் உதிர்ந்த இலை, வீட்டுக் கழிவு, சந்தைக் குப்பை ஆகிய அனைத்தின் சாறும் தேயிலைச் சாறுபோல் அந்நீரில் கரைந்துள்ளது. இதனைக் கரைந்த கரிமப் பொருள் என்பர். வடிதாளில் இது தங்காது. அளவோடு இருந்தால் தீங்கன்று. நுண்ணுயிர்களுக்கு இதுவே உணவு. அளவு மிஞ்சினாலோ, அவை அதனை உண்டு பிராணவாயுவைச் செலவிட்டுக் கரியமில வாயுவை வெளிவிடும். அவ்வாயு நீரில் கரைந்தால் அமிலமாகும். சோடாவின் புளிப்பு அதுதானே! கோடையில் பொழிமுகம் மணலால் அடைபட்டு நீர் தேங்கும்போது இவ்வினை மேலும் முற்றும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கடினங்குளம், அஞ்சுதெங்குக் காயல்களில் தேங்காய் மட்டையை, நாஞ்சில் நாட்டார் கதம்பை என்பதை, மாதக்கணக்கில் ஊறப்போட்டுக் கயிறு திரித்தனர். மட்டையின் சாறு இறங்கி நீர் கறுத்தது, பிராணவாயு வற்றியது, அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. கயிறு பல குடும்பங்களைக் காத்தது. அதற்கான விலையைக் காயல் கொடுத்தது.

"கடல் அமிலமாவது உலக நாடுகள் விடும் புகையால் அன்றோ? நாம் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கக்கூடும். புகையின் பங்கை நான் மறுக்கவில்லை. தொழிற்புரட்சிக்குமுன் ஏறக்குறைய 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். எண் இன்று ஏறக்குறைய 8.1. வேற்றுமை சிறிதாகத் தோன்றும். ஆனால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் நூற்றுக்குச் சுமார் 30 பங்கு பெருகிவிட்டன என்பதே அதன் பொருள். கடல் இன்னும் காரநீரே. காரம் குறைந்து வருகிறது. எனினும் கழிமுகத்தில் உலகப் புகையோடு நம் ஊர்ச் சாக்கடையும் சேர்கிறது. பிறர் பங்கைச் சொல்லி நம் பங்கை மறைப்பது நேர்மையாகுமா?

இங்கே மற்றொரு பிழையும் நேர்கிறது. நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதே அதன் காரத்தன்மை. பி.எச். எண்ணையும் இதையும் அளந்து, கார்பனேட்டு எவ்வளவு உண்டு என்று கணக்கிடுவது வழக்கம். திறந்த கடலில் இக்கணக்குப் பொருந்தும். கழிமுகத்திலோ கரைந்த கரிமப் பொருளும் ஓரளவு அமிலத்தை வாங்கிக்கொள்ளும். கடலின் சூத்திரம் அதனையும் கார்பனேட்டாக எண்ணிவிடும். இது வராக்கடனை வரவில் எழுதும் சாலைக் கடைத்தெரு வியாபாரியின் கணக்கு! ஏட்டில் கார்பனேட்டு நிறைந்திருக்கும். ஓடு கட்ட முயலும் மட்டிக்கு அது கிடைக்காது. அஷ்டமுடிக் காயலின் மட்டித் தொழில் 2014-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கடல்வள மேற்பார்வைக் கழகத்தின் உலகச் சான்றிதழ் பெற்றது. வேம்பநாட்டில் கறுப்பு மட்டி வாரிப் பிழைப்போர் பலர். அவர்கள் வாழ்வு இத்தகைய கணக்கை நம்பியிருக்கலாமா?

ஆகவே நான் வேண்டுவன இரண்டு. கழிமுக நீரை ஆய்வோர் பி.எச்., காரத்தன்மை என்ற இரண்டோடு நிற்காமல், கரைந்த கரிமப் பொருளையும் அளக்க வேண்டும். நகர மக்கள் தம் கழிவை ஆற்றுக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும். முட்டத்தறையில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் எல்லா வீடுகளும் அதனோடு இணையவில்லை.

நம் சங்கத்துக்கும் ஒரு வேலை உண்டு. வேதியியல் மாணவர் சிலர் மாதம் ஒருமுறை கிள்ளிப்பாலம் முதல் பொழிமுகம் வரை நீர் எடுத்து, அளந்து, தமிழில் எழுதி இவ்விதழில் வெளியிடட்டும். மேடையில் ஆற்றைப் புகழ்ந்தது போதும். சீசாவும் குறிப்பேடும் கொண்டு ஆற்றங்கரைக்கு வருவோர் எத்தனை பேர்?