முதியோருக்கு ஓய்வு மட்டும் போதுமா?

லண்டனில் வாழும் பிள்ளைகள் பலர் தாய் தந்தையரை ஊரிலிருந்து அழைத்து, நல்ல அறையும் தொலைக்காட்சியும் கொடுத்து, "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கோ" என்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்தச் "சும்மா"வே பல முதியோரை நோயாளிகளாக்கிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் அதே தாய் விடியற்காலையில் முற்றம் கூட்டினார். பூமரங்களுக்குத் தண்ணீர் வார்த்தார். வேலிக்கு மேலால் அயலவரோடு கதைத்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு நடந்தே போனார். இங்கோ பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், மாலைவரை பூட்டிய வீடு. நடை குறையக் கால்கள் பலமிழக்கின்றன. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தால் நடை மேலும் குறைகிறது. பசியும் உறக்கமும் கெடுகின்றன. இவற்றுக்கு மருத்துவப் பரிசோதனை அவசியமே. ஆனால் எல்லாவற்றையும் "வயது போய்விட்டது" என்று ஒதுக்கிவிடுவது தவறு.

அமெரிக்காவில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியல் அறிஞர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்திய ஆய்வை 1976 இல் வெளியிட்டனர். ஒரு மாடியில் இருந்தோர் ஆளுக்கொரு செடியைத் தாமே தெரிந்து வளர்த்தனர். படம் பார்க்கும் நாளையும் தாமே தீர்மானித்தனர். மற்ற மாடியினருக்கும் செடி கொடுக்கப்பட்டது. தண்ணீர் வார்த்ததோ தாதியர். மூன்று வாரங்களில் முதல் மாடியினரிடமே மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் கூடுதலாகக் காணப்பட்டன.

இதில் பிள்ளைகளுக்கு ஒரு பாடமுண்டு. பூசையறையோ, தோட்டத்தில் ஒரு பாத்தியோ, மதியக் கறியோ, பெற்றோர் விரும்பும் ஒரு பொறுப்பை முழுமையாக அவர்களிடமே விட வேண்டும். கேட்காமலே நாள்முழுதும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க விடுவது பொறுப்பாகாது, அது சுமை. இங்கிலாந்தில் வதியும், அரச ஓய்வூதிய வயதை எட்டியவர்கள் காலை நெரிசல் நேரம் கழிந்தபின் இலவசமாகப் பஸ்ஸில் போகலாம். அதற்கான அட்டையை எடுத்துக் கொடுத்து, முதல் சில தடவை கூடப் போய் வழி காட்டினால், பின்னர் அவர்கள் தாமே போய்வருவார்கள்.

கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் இதில் கடமையுண்டு. திருவிழாவன்று முதியோரை முன்வரிசையில் இருத்துவதோடு அது முடிந்துவிடாது. கிழமை நாளொன்றில் மண்டபத்தைத் திறந்து, பூமாலை கட்டுவதையும் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பதையும் அவர்களிடம் ஒப்படைக்கலாம். வராதவரை மறுநாள் தொலைபேசியில் விசாரிக்க ஒருவரை நியமிக்கலாம்.

பெற்றோருக்கு மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்கும் பிள்ளைகள், அவர்கள் கடைசியாக எப்போது தம் வயதொத்த ஒருவரோடு மனம்விட்டுக் கதைத்தார்கள் என்பதையும் இன்று கேட்டுப் பார்க்கட்டும்.