சனிக்கிழமைச் சவாரி: ஹாம்பிள்டன் ஒழுங்கைகள்



சென்ற இதழில் தேம்ஸ் ஆற்றோரத்துச் சமதரைப் பாதையைப் பற்றி எழுதினோம். அதன்பின் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரமெல்லாம் எங்களிடம் வந்த கேள்வி ஒன்றுதான்: "மலைக்கு எப்போது கூட்டிக்கொண்டு போவீர்கள்?" கேட்டவர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர். அவர்களுக்குப் பின்னால் நின்ற அம்மாமாரின் முகத்தில் வேறொரு கேள்வி இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து இந்த மாதம் எழுதுகிறோம்.

நாங்கள் போவது சில்டர்ன் குன்றுகள். ஹேய்ஸ், சவுத்தால் பக்கத்துப் பிள்ளைகள் எலிசபெத் லைனில் மேடன்ஹெட் வரை வந்து, அங்கே மார்லோ போகும் சிறிய ரயிலுக்கு மாறலாம். அந்த ரயில் போர்ன் எண்டில் நின்று, வந்த பக்கமே திரும்பிப் போவதுபோல் ஓடும். தவறான ரயிலில் ஏறிவிட்டோமென்று பதறி இறங்க வேண்டாம். எல்லா ரயிலும் அப்படித்தான் போகிறது. சைக்கிளுக்கு இடம் குறைவு என்பதால் ஒரே ரயிலில் பத்துப் பேர் ஏறாமல் இரண்டு ரயிலாகப் பிரிந்து வருவது நல்லது.

மார்லோவிலிருந்து ஹாம்பிள்டனுக்குப் பெரிய வீதி ஒன்று உண்டு. அது வேண்டாம். போவிங்டன் கிரீன் பக்கமாக ஏறி, காட்டோரமாக ராட்டன் ரோ என்ற சிறு குடியிருப்பைக் கடந்து இறங்குகிற பாதைதான் எங்களுடையது. 'லேன்' என்று இங்கே சொல்வதை எங்கள் பெற்றோர் பார்த்தவுடனே 'ஒழுங்கை' என்றார்கள். அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. இரு பக்கமும் வேலி, ஒரு கார் போனால் நாங்கள் ஒதுங்க வேண்டிய அகலம், வளைவுக்கு அப்பால் என்ன வருகிறதென்று தெரியாத மறைப்பு. ஒரேயொரு வித்தியாசம்: யாழ்ப்பாணத்து ஒழுங்கை தட்டையானது. "கியர் இல்லாத சைக்கிளில் மூன்று பேர் போனோம்" என்று அப்பாமார் சொல்லும் கதைகளை போவிங்டன் கிரீன் ஏற்றத்தில் வைத்துக் கேட்க எங்களுக்கு ஆசை.

ஹாம்பிள்டனில் சதுக்கத்தையொட்டி ஆலயம் நிற்கிறது. ரயில் நிலையங்களில் நாம் புத்தகமும் பேனாவும் வாங்கிய டபிள்யூ. எச். ஸ்மித் என்ற பெயருக்குரிய குடும்பத்தின் ஸ்மித் ஒருவர் அதன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கிருந்து ஸ்கர்மெட், ஃபின்ஜெஸ்ட் வழியாக டர்வில் வரை பள்ளத்தாக்கின் அடியிலேயே போகலாம். இந்தப் பகுதிதான் சவாரியின் இன்பம். ஏற்றம் தெரியாத அளவுக்கு மெதுவாக ஏறும். தலைக்கு மேலே பிளந்த வாலோடு பெரிய பருந்துகள் வட்டமிடும். இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த 'ரெட் கைட்' அது. 1989க்கும் 1994க்கும் இடையில் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள். இப்போது எங்கள் சாண்ட்விச்சைப் பார்த்துக் கொண்டு பறக்கின்றன.

ஃபின்ஜெஸ்ட் ஆலயத்தின் நார்மன் காலத்துக் கோபுரத்துக்கு ஒன்றல்ல, இரண்டு கூரைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. டர்வில் ஆலயத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 'விகார் ஒஃப் டிப்லி' தொடரில் வெளியே தெரிகிற ஆலயம் அதுதான். அந்தத் தொடர் தொடங்கிய 1994ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்துத் திருச்சபை முதன்முதலாகப் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. மேலே குன்றில் தெரியும் காற்றாலை 'சிட்டி சிட்டி பேங் பேங்' படத்தில் வந்தது. டர்விலில் சாப்பிட்டு, ஃப்ரீத் வழியாக ஏறி மார்லோவுக்குத் திரும்பினால் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 17 மைல்.

இனி அம்மாமாரின் கேள்வி.

போன வருடம் ஒக்டோபரில் இதே பாதையில் பதினொரு பேர் போனோம். அதில் ஒரு தம்பிக்குப் பதினைந்து வயது. தன்னுடைய சைக்கிள் சிறிதாகிவிட்டதென்று ஒன்றுவிட்ட அண்ணனுடையதைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். மார்லோ நிலையத்தில் சில்லுகளுக்குக் காற்று பார்த்தோம், ஜெபித்தோம், புறப்பட்டோம். பிரேக்கைப் பார்க்கவில்லை. ஏற்றத்தில் வலுவுள்ளவர்கள் முன்னால் போய்விட்டோம். மேலே கொஞ்சம் காத்துநின்றோம், குளிர்ந்தது, "இறங்கினால் கீழே காத்திருக்கலாம்" என்று யாரோ சொன்னோம். யார் சொன்னது என்று இன்றுவரை நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவில்லை.

அவன் ராட்டன் ரோவுக்கு வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. பிந்திவிட்டோமே என்ற அவசரத்தில் இறக்கத்தில் விட்டிருக்கிறான். மரநிழலில் கிடக்கும் ஒழுங்கை மழை பெய்து இரண்டு நாளானாலும் காயாது. அதன்மேல் ஈர இலை. வளைவுக்கு உள்ளே போனபிறகு பிரேக்கை இறுக்கினான், பின்சில்லு வழுக்கியது. காறையெலும்பு முறிந்தது. எதிரே குதிரையில் வந்த ஒரு பெண்மணிதான் இறங்கி, அவனை ஓரமாக இருத்தி, தன் மேலங்கியைப் போர்த்திவிட்டார். நாங்கள் கீழே ஹாம்பிள்டனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தொலைபேசிகளில் சிக்னல் இல்லை.

மருத்துவமனைக்கு வந்த அவனுடைய அம்மா எங்களைப் பேசவில்லை. ஒன்றுதான் கேட்டா: "கடைசியாக வந்தது யார்?"

அவன்தான் கடைசி. அவனுக்குப் பின்னால் எங்களில் ஒருவரும் இல்லை. பதில் சொல்லாமல் நின்றோம்.

ஆறு கிழமை அவன் கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வாலிபர் ஐக்கியத்துக்கு வந்தான். எங்களில் இருவர் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அம்மா தேநீர் தந்தா, மன்னித்தேன் என்றா. ஆனால் சைக்கிள் பேச்சை எடுக்க விடவில்லை.

அதற்குப்பின் மாற்றியவற்றைச் சொல்கிறோம். புறப்படுமுன் எங்களில் ஒருவர் கடைசி ஆளாக நியமிக்கப்படுகிறார். அவர் நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருப்பார், ஒருவரையும் முந்தமாட்டார். ஒவ்வொரு சந்தியிலும் ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் அவர் வந்து சேரும்வரை முன்னால் போனவர்கள் அசைவதில்லை. குளிர்ந்தால் ஜக்கெட்டைப் போடுங்கள். அதோடு, கடைசியாக வந்தவர் மூச்சுவாங்க நேரம் கொடுத்த பிறகே இறங்குவோம். பழைய வழக்கப்படி அவர் வந்த நொடியே புறப்பட்டால், களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. இது எங்களுக்கு உறைக்க இவ்வளவு காலம் எடுத்தது.

பிரேக்கை நிலையத்திலேயே பார்க்கிறோம். இரவல் சைக்கிள் என்றால் இரண்டு தரம். வேகத்தை வளைவுக்கு முன்பே, இரண்டு பிரேக்கையும் சேர்த்துக் குறைக்கப் பழகுகிறோம். வளைவுக்குள் இறுக்குவதில்லை.

தொலைபேசியை மட்டும் நம்பாமல் ஓர்ட்னன்ஸ் சர்வேயின் லாண்ட்ரேஞ்சர் 175ஆம் இலக்க வரைபடத்தையும் கொண்டுபோகிறோம். வீதியின்மேல் ஒரு சிறு அம்புமுனை இருந்தால் சரிவு 14 முதல் 20 சதவீதம். இரண்டு இருந்தால் அதைவிடச் செங்குத்து. முனை பார்ப்பது இறக்கத்தை. முதல்நாள் மாலையே மேசையில் விரித்து இவற்றைப் பார்த்துவிடலாம்.

ஒரு அடையாளப் பலகையைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளை வட்டத்தில் சரிந்த கறுப்புக் கோடு. 'அமைதியான வீதி' என்று அதற்குப் பொருள் என எங்களில் சிலர் நினைத்திருந்தோம். கார் இரண்டு எதிரெதிரே போக முடியாத ஒழுங்கையிலும் சட்டப்படி 60 மைல் வேகம் வரை ஓட்டலாம் என்பதுதான் பொருள். பெரும்பாலோர் அப்படி ஓட்டுவதில்லை. ஆனால் வண்டி குறைவான வீதியில் வருகிற ஒரு வண்டியும் நம்மை எதிர்பார்த்து வருவதில்லை. 2022 ஜனவரியில் திருத்திய வீதிச் சட்டக்கோவை, சைக்கிளை முந்தும் கார் 30 மைல் வேகம்வரை குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது. அந்த இடைவெளிக்கு ஒழுங்கையில் இடமே இல்லாதபோது, பின்னால் வருகிற காரை அடுத்த வயல்வாசலில் ஒதுங்கி அனுப்பிவிடுகிறோம். குதிரையைக் கண்டால் தூரத்திலேயே குரல் கொடுத்து, மெதுவாக, அகன்று போகிறோம். அந்தப் பெண்மணிக்கு நாங்கள் பட்ட கடன் அது.

இன்னொன்று: பறவைகள் கூடுகட்டும் காலமென்று மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வேலி வெட்டுவதில்லை. செப்டம்பரில் வெட்டத் தொடங்கினால் முள் முழுவதும் வீதியில். இலையுதிர் காலத்தில் ஆளுக்கு இரண்டு டியூப் கொண்டுவாருங்கள். மே மாதத்தில் ஒன்று போதும்.

அடுத்த சவாரி மே மாத இரண்டாம் சனிக்கிழமை. ஏற்றங்களில் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை, எங்களில் பாதிப்பேர் தள்ளுவோம். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரின் கையெழுத்தோடு வரவேண்டும். அந்தத் தம்பியின் தாள் போன ஞாயிறு எங்கள் கைக்கு வந்தது. கையெழுத்துக்குக் கீழே அவனுடைய அம்மா ஒரு வரி சேர்த்திருந்தா: கடைசியாக வருகிறவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் தனக்கு முதல்நாளே வேண்டும் என்று. இனி எல்லாப் பெற்றோருக்கும் அதை அனுப்புகிறோம்.