ஒரு ரூபாய்த் தாளில் தொடங்கலாம்

பழைய ரூபாய்த் தாள்களைச் சேகரிப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பிரிட்டிஷ் காலத் தாள்கள் ஏலத்தில் பெருந்தொகைக்குப் போன செய்திகளும், 786 என்று முடியும் நோட்டு வைத்திருப்பவர் லட்சாதிபதி ஆகலாம் என்று ஆசைகாட்டும் விளம்பரங்களும் இதற்குக் காரணம். இரண்டுமே ஒரு தாளின் மதிப்பை அதன் விலையில் மட்டும் தேடுகின்றன. அரிதான தாள் எல்லாம் நிறையச் செய்தி சொல்லும் தாளாக இருந்துவிடுவதில்லை. கையில் காசு குறைவாக உள்ளவர் ஒரே வகைத் தாளை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றை விடாமல் பின்தொடர்ந்தால், பணத்தை வாரி இறைத்துக் கண்டதையும் வாங்குபவரைவிட உருப்படியான தொகுப்பை உருவாக்கிவிடலாம். நமது ஒரு ரூபாய்த் தாளே இதற்குச் சான்று.

முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வெள்ளி நாணயத்துக்கு மாற்றாக 1917இல் ஐந்தாம் ஜார்ஜ் உருவத்துடன் பிறந்தது இந்தத் தாள். 1926இல் நிறுத்தப்பட்டு, அடுத்த உலகப் போரின்போது 1940இல் மீண்டும் வந்தது. 1949இல் மன்னர் போய் அசோகத் தூண் வந்தது. அச்சுச் செலவு கட்டுப்படியாகாமல் 1994இல் நின்றுபோய், 2015இல் திரும்பவும் அச்சானது. மற்ற தாள்களை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது, ஆளுநர் கையெழுத்திடுகிறார். ஒரு ரூபாயை மட்டும் மத்திய அரசே வெளியிடுகிறது. நிதித்துறைச் செயலாளர் கையெழுத்திடுகிறார். சட்டப்படி அது நாணயத்தோடு சேர்ந்தது என்பதால், மற்ற தாள்களில் உள்ள 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்ற வாசகம் அதில் இல்லை. அந்தக் கையெழுத்துகளை வரிசைப்படுத்தினாலே நாட்டின் நிதி நிர்வாக வரலாறு விரியும். எஸ். ஜகந்நாதன், ஐ.ஜி. படேல், மன்மோகன் சிங், எஸ். வெங்கிடரமணன் ஆகியோர் செயலாளர்களாக ஒரு ரூபாயில் ஒப்பமிட்டு, பின்னர் ஆளுநர்களாகப் பெரிய தாள்களிலும் ஒப்பமிட்டவர்கள். இவர்கள் ஒவ்வொருவரின் ஒரு ரூபாயையும், ஆளுநராக ஒப்பமிட்ட இரண்டு ரூபாயையோ பத்து ரூபாயையோ ஜோடி சேர்ப்பதே அருமையான தொகுப்பு. 1960களில் ஒப்பமிட்ட எஸ். பூதலிங்கம், 'வாசவேச்வரம்' நாவலை எழுதிய கிருத்திகாவின் கணவர். தமிழ் வாசகர் ஒருவருக்கு அந்தத் தாள் தரும் மகிழ்ச்சியை எந்த விலைப்பட்டியலும் கணக்கில் கொள்வதில்லை.

கசங்கிய தாளுக்கு மதிப்பில்லை, சலவை நோட்டாக இருந்தால்தான் சேகரிப்பு என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். சந்தை அப்படித்தான் இயங்குகிறது. ஒரே தாள், மடிப்பு விழுந்த நிலையில் பல மடங்கு மலிவாகக் கிடைக்கும். விற்கும் எண்ணமில்லாதவருக்கு இது நல்ல செய்தி அல்லவா? மடிப்பு விழுந்த தாளிலும் கையெழுத்தும் ஆண்டும் அப்படியேதான் இருக்கின்றன. முதலில் அதை வாங்கி வரிசையை நிரப்பலாம். வாய்ப்பு வரும்போது நல்லதாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அழுக்குப் போகக் கழுவுவது, இஸ்திரி போடுவது, கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது ஆகிய நான்கும் தாளைக் கொல்லும் வேலைகள். மலிவான பி.வி.சி. உறைகளும் நாளடைவில் பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும். மிச்சம் பிடித்த பணத்தைப் பாலியஸ்டர் உறைகளுக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் அவசியம்.

லாபம் கிடைக்காத சேகரிப்பால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்ல வேண்டும். எழுபது, எண்பதுகளின் சாதாரணத் தாள்கள் ஏராளமாக அச்சானவை. அதனால்தான் அவை மலிவு. அவற்றை முதலீடாக நினைப்பவர் ஏமாறுவார். பழைய நோட்டுகளை வாங்கித் தருகிறோம், விற்றுத் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே கட்டணமும் கமிஷனும் கேட்ட மோசடிகளைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. ஆசை பெருகும் இடத்தில்தான் அந்தக் கூட்டம் பிழைக்கிறது. படித்து மகிழச் சேர்ப்பவரிடம் அதன் பாச்சா பலிக்காது. 2016இல் செல்லாததாக்கப்பட்ட 500, 1000 ரூபாய்த் தாள்களைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆய்வுக்காகவோ சேகரிப்புக்காகவோ 25 தாள்கள் வரைதான் வைத்திருக்கலாம், மீறினால் அபராதம்.

கைபேசியிலேயே பணம் கைமாறும் இந்நாளில், சிறிய தாள்கள் பிள்ளைகளின் கண்ணில் படுவதே குறைந்துவிட்டது. வீட்டுப் பெரியவர்களின் டிரங்குப் பெட்டியில் பழைய ஒரு ரூபாய்த் தாள்கள் அகப்பட்டால், இணையத்தில் விலை தேடுவதற்கு முன் அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். யார் கையெழுத்து, எந்த ஆண்டு என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.