இரு பகை, ஓர் உடல்

2016ஆம் ஆண்டில் மலேரியா ஒழிந்த நாடென்றும், யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றிய நாடென்றும் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைப் பாராட்டியது. இரு நோய்களையும் கண்ட புத்தளக் கரையோரத்துக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் சான்றிதழ் காவல் நில்லாது.

கற்பிட்டி மணற்றோட்டத்தில் வெறுங்காலுடன் உழைப்பவரின் உடலில் கொக்கிப்புழு புகலாம். அவரையே டெங்கு வைரசும் தாக்கலாம். புழுவை எதிர்க்கத் திரும்பும் உடலின் எதிர்ப்பாற்றல் வைரசுக்கு எதிரான காவலைத் தளர்த்தக்கூடும் என்பதையும், உறங்கிக்கிடந்த ஹெர்பிஸ் வகை வைரசு விழித்தெழக்கூடும் என்பதையும் 2014இல் ஆய்வாளர்கள் எலிகளிற் கண்டனர். புழுவுள்ள மனிதரிடத்தும் சில தடுப்பு மருந்துகளின் பயன் குறையக்கூடும்.

ஆகவே நுளம்பொழிப்பையும் புழுநீக்கத்தையும் அதிகாரிகள் தனித்தனியே நடத்தலாகாது. மருந்தும் மலசலகூடமும் பாதணியும் சேர்ந்தே வரவேண்டும் என வற்புறுத்துகிறோம்.