லேப் கோட்டுக் குறிப்புகள் - 17: எலுமிச்சை அளவு புளி

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல, மன்னிச்சுக்கோங்க மக்களே. எட்டுப் பக்கத்துல ஒரு சின்னக் கையேடு எழுதிக் கொடுத்தேன். அது சிவப்பு மையில குளிச்சுட்டு என்கிட்டயே திரும்பி வந்துடுச்சு. அந்தச் சோகக் கதைதான் இந்த வாரம் :)

முதல்ல கொஞ்சம் முன்கதை. அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலத்துலயும் 'லேண்ட் கிராண்ட்' பல்கலைக்கழகம்னு ஒண்ணாவது இருக்கும். 1862-ல் மோரில் சட்டம்னு ஒண்ணு போட்டு, விவசாயமும் தொழிற்கல்வியும் சொல்லித்தர்ற கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தாங்க. அங்க கண்டுபிடிக்கிறது வகுப்பறையோட நின்னுடக் கூடாது, வயலுக்கும் அடுப்படிக்கும் போய்ச் சேரணும்னு 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. மத்திய அரசு, மாநிலம், கவுண்டி மூணு பேரும் சேர்ந்து பணம் போடுறதால இதுக்குக் 'கூட்டுறவு விரிவாக்கப் பணி'ன்னு பேரு. சுருக்கமா எக்ஸ்டென்ஷன். நம்மூர் வேளாண் விரிவாக்க அலுவலர் தெரியும்ல? அந்த வேலையைப் பல்கலைக்கழகமே செய்யுதுன்னு வச்சுக்கோங்க. இவங்களோட முக்கிய ஆயுதம், ரெண்டு பக்கத்துலேர்ந்து எட்டுப் பக்கம் வரைக்கும் இருக்கிற சின்னச் சின்ன வெளியீடுகள். தக்காளியில பூச்சி வந்தா என்ன செய்யணும், கிணத்துத் தண்ணியை எப்படிச் சோதிக்கணும், பீன்ஸை எப்படி பாட்டில்ல அடைக்கணும், இப்படி எல்லாத்துக்கும் ஒரு தாள்.

உதவித்தொகைக்காக வாரத்துக்கு 20 மணி நேரம் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்காங்க. உணவு பதப்படுத்துதல் பத்தின பழைய வெளியீடுகளை ஒவ்வொண்ணா படிச்சு மூணு தட்டுல பிரிக்கணும். வச்சுக்கலாம், திருத்தணும், தூக்கிடணும். குப்பை பொறுக்குற வேலைன்னு முதல்ல சலிச்சுக்கிட்டேன். ஒரு போன் கால் வர்ற வரைக்கும்.

கவுண்டி ஆபீஸ்லேர்ந்து மாத்தி விட்ட கால் அது. எதிர்முனையில ஒரு பாட்டி. தோட்டத்துத் தக்காளியை ஜாடியில அடைக்கிறதுக்கு எங்க பல்கலை போட்ட பழைய தாளைக் கையில வச்சுக்கிட்டு, வரி வரியா எனக்கே வாசிச்சுக் காட்டுறாங்க. அதுல எலுமிச்சைச் சாறு பத்திப் பேச்சே இல்ல.

இப்போ இருக்கிற விதி என்னன்னா, ஒரு குவார்ட் ஜாடித் தக்காளிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் பாட்டில் எலுமிச்சைச் சாறு கட்டாயம். காரணம் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்ங்கிற கிருமி. பி.எச். 4.6-க்கு மேல போனா, காத்து இல்லாத ஜாடிக்குள்ள அது வளர்ந்து விஷம் கக்கும். தக்காளி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா நிக்கிற பழம். இது தெரியறதுக்கு முன்னாடி அச்சான பழைய குறிப்புகள் பலதுல சாறு சேர்க்கச் சொல்லி இருக்காது. அது ஏன் பாட்டில் சாறு, புதுப் பழம் பிழிஞ்சா ஆகாதான்னு கேப்பீங்க. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், பாட்டில்ல ஒரே அளவு இருக்கும். அவ்வளவுதான். (இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.)

பாட்டி பொறுமையா கேட்டுட்டுச் சொன்னாங்க: "இதுலயும் உங்க பல்கலைக்கழகச் சின்னம்தானே போட்டிருக்கு?"

எனக்குப் பதில் வரல. சமாளிச்சுப் புதுத் தாளை அனுப்பி வச்சேன். புரபசர்கிட்ட சொன்னப்ப, "நாம தூக்கிப் போட்டுட்டோம்னு அந்தத் தாளுக்குத் தெரியாதே. அது இன்னும் ஏதோ ஒரு சமையலறை டிராயர்ல உயிரோட இருக்கும்"னாங்க. அதனாலதான் எங்க துறையில இப்போ ஒவ்வொரு வெளியீட்டுலயும் முதல் பக்கத்துலயே தேதி, எண், மறுபடி எப்போ பரிசீலிக்கணும்ங்கிற வருஷம் மூணும் போடுறோம். பிறந்த தேதி மட்டும் போதாது, ஆயுசும் எழுதணும்.

இந்த நேரத்துலதான் எனக்கு அந்த ஆசை வந்தது. இந்தியக் குடும்பங்கள் ஊறுகாய் பத்திக் கேக்குறாங்கன்னு கவுண்டிக்காரங்க சொல்லிக்கிட்டு இருந்தாங்க. "நான் எழுதுறேன் மேடம்"னு கையைத் தூக்கினேன். எழுதினது எங்க அம்மாவோட பூண்டு ஊறுகாய். வத்தலக்குண்டு முழுக்கப் பேர் வாங்கின ஐட்டமாக்கும்!

எங்க நடைமுறைப்படி கையெழுத்துப் பிரதி மூணு பேர்கிட்ட போகணும். வேற மாநிலத்துல இருக்கிற ஒரு நுண்ணுயிரியல்காரர், மக்களோட நேரடியா வேலை செய்யற ஒரு கவுண்டி ஊழியர், ஒரு பதிப்பாசிரியர். மூணு கையெழுத்தும் வந்தாத்தான் துறைத்தலைவர் மேசைக்கே போகும்.

நுண்ணுயிரியல்காரர் எழுதினது: "இதன் பி.எச். என்ன? எத்தனை முறை தயாரித்து அளந்தீர்கள்? மூன்று தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள் என்பது அளவீடு ஆகாது."

கவுண்டி ஊழியர்: "எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை என்றால் எத்தனை நிமிடம்? என் ஆட்களிடம் கப்பும் ஸ்பூனும்தான் உண்டு."

பதிப்பாசிரியர்: "நான்கு நாள் வெயிலில் வைக்கவும் என்கிறீர்கள். இங்கே ஜனவரியிலா?"

மூணாவதுக்கு மட்டும் சிரிச்சேன். முதலாவதைப் படிச்சு நிஜமாவே கொதிச்சுப் போயிட்டேன். எங்கம்மா கைப்பக்குவத்துக்கு ஆதாரம் கேக்குற ஆளு யாருங்க? அன்னைக்கு ராத்திரியே வாட்ஸப்ல அம்மாவைக் கூப்பிட்டேன்.

"உன் ஊறுகாய்க்கு இங்க ஒருத்தர் கணக்குக் கேக்குறாரும்மா."

"கேட்டா சொல்ல வேண்டியதுதானே? எவ்வளவு புளி போட்ட?"

"எலுமிச்சை அளவு."

"எந்த எலுமிச்சை?"

"..."

"நம்ம கொல்லையில காய்ச்சது எவ்வளவு பெருசு இருக்கும்! நீ அங்க கடையில வாங்குற சுண்டைக்காய் சைஸைப் பார்த்துப் போட்டியா? உப்பு எவ்வளவு?"

"நீ சொன்னதுல பாதி. அப்பாவுக்கு பிரஷர் வந்ததுலேர்ந்து நான் உப்பைக் குறைச்சுட்டேன்ல."

"அப்ப அது என் ஊறுகாயே இல்லடி."

அம்மா ஒரே வரியில ரிவ்யூவை முடிச்சுட்டாங்க :(

மறுநாள் லேப்ல உக்காந்தேன். அம்மா சொன்ன கணக்குல மூணு தடவை, நான் இங்க வழக்கமா செய்யற கணக்குல மூணு தடவை. எண்ணெயை வடிச்சு, பூண்டை விழுதா அரைச்சு, மீட்டரை 4, 7 ரெண்டு கரைசல்லயும் சரிபார்த்துட்டு அளந்தேன். அம்மா கணக்கு மூணும் 4.2-க்குக் கீழ. என்னோடது 4.3, 4.7, 4.9. ஒரே ஆள், ஒரே அடுப்பு, ஒரே குறிப்பு. ஒரு தடவை கட்டிப் புளி, ஒரு தடவை பாட்டில் புளி, ஒரு தடவை ஏதோ கைக்கு வந்தது.

பூண்டு மண்ணுக்குள்ள விளையறது, புளிப்பு இல்லாதது. அதை எண்ணெயில மூழ்க வச்சா காத்தும் போகாது. இந்தக் கிருமிக்கு மெத்தை விரிச்ச மாதிரி. 1985-ல் கனடாவின் வான்கூவர்ல, எண்ணெயில் போட்டு ஃபிரிட்ஜுக்கு வெளியில வச்சிருந்த பூண்டால 36 பேருக்கு பொட்டுலிசம் வந்தது. 1989-ல் நியூயார்க் மாநிலத்துலயும் அதே மாதிரி 3 பேருக்கு. வாசனையும் ருசியும் காட்டிக் கொடுக்கணும்னு அவசியமில்ல.

போன தீபாவளிக்கு என் கணக்குல செஞ்ச ஊறுகாயை ரூம்மேட்டுங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தேன். ஜன்னல் ஓரமா வச்சு ரெண்டு மாசம் சாப்பிட்டாங்க. ஒண்ணும் ஆகல. 'ஒண்ணும் ஆகல'ங்கிறதையே நான் ஆதாரமா எடுத்துக்கிட்டு, பல்கலைக்கழகச் சின்னம் போட்டு ஊருக்கே கொடுக்கக் கிளம்பியிருந்தேன். நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது.

இந்த முறையிலயும் குறை இல்லாம இல்ல. ரொம்ப மெதுவா நகரும். ரிவ்யூ செய்யறவங்களுக்குத் தனியா காசு கிடையாது. சிவப்பு மை போட்டதுக்காக யாரும் பாராட்டவும் மாட்டாங்க. நாம மூணு கையெழுத்துக்குக் காத்திருக்கிற நேரத்துல, யாரோ ஒருத்தர் போட்ட வீடியோ ஊரெல்லாம் சுத்தி வந்துடும். சரியா எழுதி வச்சாலும் போய்ச் சேராட்டிப் பிரயோஜனம் இல்ல. 2015 ஏப்ரல்ல ஒஹையோவின் லங்காஸ்டர்ல ஒரு சர்ச் விருந்து. வீட்டுல பாட்டில்ல அடைச்ச உருளைக்கிழங்குல செஞ்ச சாலட். 29 பேருக்கு பொட்டுலிசம், ஒருத்தர் இறந்துட்டாங்க. பிரஷர் கேனர்ல வைக்க வேண்டிய கிழங்கை வெறும் கொதிதண்ணியில வச்சிருந்தாங்க. கொதிதண்ணி 100 டிகிரி, இந்தக் கிருமியோட வித்து அதுக்கு மசியாது. பிரஷர்ல 116 டிகிரி வரைக்கும் போகணும். இதைச் சொல்ற தாள்கள் அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே இருந்துச்சு.

ஆனா இந்தக் குறைக்கெல்லாம் ரிவ்யூவை விட்டுடறது மருந்து இல்லைன்னு இப்போ புரியுது. அம்மா பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்கும்போது "இன்னும் கொஞ்சம் புளி போடுடி"ன்னு தலையில தட்ட ஒரு கை இருக்கு. தாளைப் படிக்கிறவங்க அடுப்படியில தனியா நிக்கிறாங்க. எதிர்க்கேள்வி கேக்க முடியாது. அவங்க கேக்க வேண்டிய கேள்வியை அவங்களுக்கு முன்னாடியே கேட்டு வைக்கத்தான் அந்த மூணு பேர்.

கையேடு இன்னும் அச்சுக்குப் போகல. இப்போ எல்லாமே கிராம் கணக்கு. 5 சதவீத வினிகர் அளந்து சேர்க்கணும், ஃபிரிட்ஜ்லதான் வைக்கணும்னு மாத்தியிருக்கேன். இன்னும் ஆறு தடவை செஞ்சு அளக்கணுமாம்.

நேத்து அம்மா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. கடைத் தராசு மேல ஒரு புளி உருண்டை. 62 கிராம். கீழ எழுதியிருந்தது: "இதாண்டி எலுமிச்சை அளவு. அந்த வாத்தியார்ட்ட காட்டு."

காட்டினேன். "ஒரு உருண்டைதானா? இன்னும் பத்து உருண்டையை அளந்து சராசரி அனுப்பச் சொல்லுங்கள்"னு பதில் வந்திருக்கு. அம்மாகிட்ட யாரு சொல்றது?!

பி.கு.: ரெசிபி கேட்டுப் பின்னூட்டம் போடாதீங்க சாமிகளா. மூணு கையெழுத்து வந்தப்புறம்தான் :)