‘போதும்’ என்று சொல்லும் அதிகாரம்

படம் தொடங்குமுன் திரையில் வந்துபோகும் அறிவிப்புகளில், இந்தப் படத்தில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்பதும் ஒன்று. புகையிலை எச்சரிக்கையோடு சேர்ந்து அதுவும் கவனிப்பாரின்றிக் கடந்துபோகிறது. பிறகு கதை ஓடுகிறது. நாயகன் ஊரைவிட்டுப் போகும்போது நாய் தெருமுனைவரை ஓடிவந்து நிற்கிறது. போர்க்களத்தில் குதிரைகள் பாய்கின்றன. கடன்காரன் ஓட்டிப்போகும் மாடு திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. நமக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த மாட்டைத் திரும்பிப் பார்க்கவைத்தவர் யார்? எத்தனை நாள் அதோடு பழகினார்? அன்று அதற்கு முடியாமல் போயிருந்தால், படப்பிடிப்பை நிறுத்தும்படி அவரால் சொல்லியிருக்க முடியுமா? விலங்கின் உயிர் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. நம் சட்டமும் திரையுலகமும் வாய் திறக்காமல் இருப்பதும் அந்தக் கேள்வியில்தான்.

அரியலூர், பெரம்பலூர் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கோக்குடியிலும் பெரம்பலூர் மாவட்டத்து அன்னமங்கலத்திலும் ஜல்லிக்கட்டு நடக்கிறது. சுற்றுவட்டார ஊர்களில் வாசலுக்கு ஒரு காளை கட்டி வளர்ப்பவர்கள் உண்டு. வாடிவாசலில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் பாய்ந்து மறையும் காளைக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான உழைப்பு இருக்கிறது. கன்றிலிருந்தே கைப்பழக்கம் வேண்டும். விடியலில் நடை, ஏரியில் நீச்சல், மணல்மேட்டில் கொம்பால் மண் குத்தவிடுவது, நேரந்தவறாமல் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும். இவ்வளவும் செய்தபின், அந்நியர் அருகே வந்தால் தலையைத் தாழ்த்தும் அதே காளை, வீட்டுச் சிறுமி கயிற்றைப் பிடித்தால் பின்னாலேயே நடந்து போகிறது. வளர்த்தவருக்கு அதன் காது நிற்கும் நிலை போதும், இன்று அது சரியில்லை என்று கண்டுகொள்வார். கண்டுகொண்டால் அன்று அவிழ்க்காமல் இருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

சினிமாவில் விலங்குகளைப் பழக்குகிறவருக்கு முதல் திறமை இருக்கிறது. இரண்டாவதாகச் சொன்ன உரிமை இல்லை.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கதவருகே உட்கார்ந்திருக்கும் நாய், பெயர் கேட்டதும் எழுந்து, அறையைக் கடந்து, நடிகரின் மடியில் தலைவைக்க வேண்டும். படத்தில் பத்து நொடி. நாய்க்குக் கதை தெரியாது, சோகம் தெரியாது. அதற்கு இது நான்கு தனித்தனி வேலை. மடியில் தலைவைப்பதை முதலில் பழக்கி, பிறகு நடந்து வருவதை, பிறகு எழுவதை என்று கடைசியிலிருந்து முன்னோக்கிக் கட்டிவருவது தேர்ந்தவர்களின் ஒரு முறை. உட்கார வேண்டிய இடத்தில் முதல் நாள் ஒரு சாக்கைப் போடுவார்கள். அதில் உட்கார்ந்தால் ஒரு துண்டு இறைச்சி. அடுத்தடுத்த நாட்களில் சாக்கைக் கத்தரித்துக் கத்தரித்துச் சிறிதாக்கி, கடைசியில் கேமராவுக்குத் தெரியாத ஒரு சிறு துணித்துண்டில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நாய் நடிகரை ஏக்கத்தோடு பார்ப்பதாக நாம் நினைக்கும் பார்வை, நடிகரின் தோளுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் பயிற்சியாளரின் கையைப் பார்க்கும் பார்வை. டப்பிங்கை நம்பிப் படம் எடுத்த காலத்தில் அவர் கேமராவுக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழைக்கலாம். படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிப்பதிவு செய்யும் படங்களில் அதுவும் முடியாது. எல்லாம் சைகைதான்.

இப்படி ஒரு ஷாட்டை மூன்று முறை எடுக்கலாம், நான்கு முறை எடுக்கலாம். விளக்குச் சூட்டில், நாற்பது பேர் நடமாடும் இடத்தில், நாய் கொட்டாவி விடத் தொடங்குகிறது. நாக்கால் உதட்டை நக்குகிறது. முகத்தை வேறுபக்கம் திருப்புகிறது. பார்ப்பவருக்கு அது சோம்பல் போலத் தெரியும். பழகியவருக்குத் தெரியும், அது பதற்றம். நாய் தன் மொழியில் போதும் என்கிறது. அந்தத் தளத்தில் அந்த மொழி அறிந்த ஒரே மனிதர் அவர். ஆனால் அவர் தினக்கூலிக்கு வந்தவர். தயாரிப்பு நிர்வாகி அழைத்ததால் வந்தவர். நடிகரின் கால்ஷீட் அன்று மாலையோடு முடிகிறது என்றால், இன்னொரு டேக் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எங்கிருந்து துணிவு வரும்? சொன்னால் அடுத்த படத்துக்கு அழைப்பு வராது என்ற பயம் அவர் வாயை அடைக்கிறது.

2021 ஆகஸ்டில் ஹைதராபாத் அருகே ராமோஜி பிலிம் சிட்டியில் ‘பொன்னியின் செல்வன்’ படப்பிடிப்பின்போது ஒரு குதிரை இறந்தது. குதிரைகள் ஓய்வில்லாமல், போதிய நீரில்லாமல் நெடுநேரம் பயன்படுத்தப்பட்டதாக பீட்டா அமைப்பு புகார் செய்தது. தயாரிப்பு நிறுவனத்தின் நிர்வாகத்தின் மீதும் குதிரையின் உரிமையாளர் மீதும் காவல் துறை வழக்குப் பதிந்தது. இந்திய விலங்கு நல வாரியமும் விசாரணைக்குக் கேட்டுக்கொண்டது. புகாரின் உண்மையை முடிவுசெய்வது என் வேலை இல்லை. அந்த வழக்கில் யார் யார் எதிர்த்தரப்பில் இருந்தார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். பணம் போட்டவர் இருக்கிறார், குதிரைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அன்று கடிவாளத்தைப் பிடித்து நின்ற குதிரைக்காரர் எச்சரித்தாரா, எச்சரித்திருந்தால் கேட்டிருப்பார்களா என்ற கேள்விக்கு அந்த வழக்கில் இடமில்லை. சட்டம் அவரை அப்படி ஓர் இடத்தில் வைத்தே பார்க்கவில்லை.

அரியலூர் மாவட்டத்தில் நிற்கும் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய ராஜேந்திரனின் தந்தைதான் அந்தப் படத்தின் தலைப்பு சுட்டும் நாயகன் என்பதால், இந்த மண்ணின் பழைய குதிரைக் கதை ஒன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. தமிழகத்து அரசர்கள் குதிரைகளைக் கடல்வழியாக இறக்குமதி செய்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துபோவதாக எழுதினார். அவர் சொன்ன காரணம், குதிரையைப் பேணத் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லை என்பது. அவர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை இறந்தால்தானே மறுபடி விற்கலாம். விலங்கை விலைகொடுத்து வாங்கி, அதை அறிந்த மனிதரை விட்டுவிட்ட கணக்கு அன்றே தப்பாகப் போயிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்கு வித்திட்டவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். வித்தை காட்டும் விலங்குகளைப் பதிவு செய்வதற்கான விதிகள் 2001இல் வந்தன. படப்பிடிப்பில் விலங்கைப் பயன்படுத்தினால் முன்அனுமதி வேண்டும், கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும், வாரியத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் தணிக்கை நடக்காது. அந்த விதிகளில் நல்லவை பல. விலங்கின் இயல்பான குணத்தை ஒட்டியே பழக்க வேண்டும். பட்டினி போட்டு வேலை வாங்கக் கூடாது. மயக்க மருந்து கூடாது. தாரிட்ட சாலையில் பாம்பை ஊரவிடக் கூடாது. பத்து விலங்குகளோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் ஒரு கால்நடை மருத்துவரை நிரந்தரமாகப் பணியில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் பழக்குகிறவரைப் பற்றி விதிகள் கேட்பது மிகக் குறைவு. பெயர், முகவரி, எந்த விலங்கு, எத்தனை, என்ன வித்தை என்ற விவரங்களோடு பதிவு முடிகிறது. அவருக்கு அந்த விலங்கைத் தெரியுமா, எங்கே கற்றார், எப்படிப் பழக்குகிறார் என்று சோதிக்கும் ஏற்பாடு கிடையாது. படப்பிடிப்பை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு இல்லை. விதியை மீறினால் தண்டனை? வித்தை விலங்குகள் தொடர்பான பிரிவில் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய், அல்லது மூன்று மாதச் சிறை. பொதுவான வதைக்கு முதல்முறை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். 1960இல் எழுதிய உச்சவரம்பு இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு படப்பிடிப்பு நாளில் தேநீருக்கு ஆகும் செலவைவிடக் குறைந்த தொகை யாரையும் அச்சுறுத்தாது. சென்னையில் இருந்த வாரியத் தலைமையகமும் 2018இல் ஹரியாணாவுக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்த் திரையுலகின் அருகிலேயே இருந்த ஓர் அமைப்பு, இப்போது அரியலூரிலிருந்து அனுமதி கேட்கும் படக்குழுவுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

விலங்குகள் இல்லாமல் தமிழ் சினிமாவின் வரலாறு இல்லை. சாண்டோ சின்னப்பா தேவர் யானைகளை வைத்து இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’ (1971), தமிழில் எம்.ஜி.ஆர். நடித்த ‘நல்ல நேரம்’ (1972), ஆட்டை வைத்து ‘ஆட்டுக்கார அலமேலு’ (1977) என்று வரிசையாக வெற்றி கண்டார். இராம.நாராயணன் யானையும் பாம்பும் குரங்குமாக ஒரு பாணியையே உண்டாக்கினார். 1998இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை விலங்காகப் பழக்குவதை மத்திய அரசு தடைசெய்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அது சரியான முடிவு. காட்டுவிலங்கைப் படத்துக்காகப் பிடித்துப் பழக்குவதை எந்தக் கலையும் நியாயப்படுத்த முடியாது. அங்கே கணினி வரைகலை வந்தது நல்லதாயிற்று.

2011இல் காளையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் நடந்ததைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017இன் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்டது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. அந்தத் திருத்தம் ஜல்லிக்கட்டை மட்டும் பேசுகிறது, கேமராவைப் பேசவில்லை. ஆகவே கோக்குடி வாடிவாசலில் பாய்ந்த காளை, அதே ஊரில் எடுக்கும் படத்தில் நடிக்க வேண்டுமென்றால் சிக்கல் தொடங்குகிறது.

எல்லாவற்றையும் கணினியில் செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. புலிக்கும் யானைக்கும் அது பொருந்தும். நாய், ஆடு, மாடு, கோழி, கழுதை ஆகியவை நம்மோடு ஒரே வாசலில் வாழ்பவை. ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தின் கருப்பியையோ ‘கர்ண’னில் (2021) வரும் கழுதையையோ கணினியில் வரைந்திருந்தால், அந்தப் படங்கள் பேசிய வலி பாதியாகியிருக்கும். கிராமத்துக் கதை எடுக்கும்வரை இந்த உயிர்கள் கேமரா முன் வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே அவற்றோடு நிற்கும் மனிதரைத் தகுதிப்படுத்துவதும் வலுப்படுத்துவதும்தான் வழி.

அமெரிக்காவில் 1939இல் வெளிவந்த ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்துக்காக ஒரு குதிரையைப் பாறை உச்சியிலிருந்து நீருக்குள் விழவைத்துக் கொன்றார்கள். மக்களின் கோபத்தைத் தொடர்ந்து 1940 முதல் ஒரு விலங்கு நல அமைப்பின் கண்காணிப்பாளர்கள் படப்பிடிப்புத் தளத்துக்கே வரத் தொடங்கினார்கள். சான்றிதழ் தருகிறவர் தளத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அங்கே கிடைத்த பாடம். நம் நிலையில் எல்லாத் தளத்துக்கும் வாரியம் ஆள் அனுப்ப முடியாது. அங்கே ஏற்கெனவே நிற்கிற ஒருவர் இருக்கிறார், அவருக்கு அதிகாரம் கொடுக்கலாம்.

இதற்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உண்டு. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பாம்புத்தோல் தொழில் முடங்கி, இருளர்கள் வாழ்விழந்தார்கள். 1978இல் அவர்களுக்காகப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அவர்களில் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பரம்பரை அறிவுக்கு உரிமமும் அமைப்பும் கிடைத்தால், பாம்பும் பிழைக்கிறது, மனிதரும் பிழைக்கிறார்.

அரியலூர், பெரம்பலூர் ஊர்களில் கிடை போடும் ஆட்டுக்காரர்களிடமும் காளை வளர்ப்பவர்களிடமும் அப்படியோர் அறிவு இருக்கிறது. ஒரு குரலில் ஐம்பது ஆடுகளைச் சாலையோரம் ஒதுக்கத் தெரிந்த இளைஞரைப் படக்குழு ஒருநாள் கூலிக்கு அழைத்து, மறுநாள் மறந்துவிடுகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், தரமணி திரைப்படக் கல்லூரியோடு சேர்ந்து, ஒரு சில மாதச் சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கலாம். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே நடத்தினால் அரியலூர் இளைஞருக்குப் பக்கம். அடிக்காமல் பழக்கும் முறை, முதலுதவி, விதிமுறைகள், கேமரா முன் வேலைசெய்யும் ஒழுங்கு ஆகியவற்றைக் கற்றுத் தேறியவருக்கே அனுமதிக் கடிதத்தில் இடம் என்று வாரியம் சொல்லட்டும். அபராதத் தொகையை நாடாளுமன்றம் உயர்த்தட்டும்.

இவற்றுக்குக் காலம் ஆகும். ஒன்றுக்கு மட்டும் காலம் தேவையில்லை. விலங்கின் பயிற்சியாளர் ‘போதும்’ என்றால் அந்த ஷாட் அன்றைக்கு நிற்க வேண்டும், அதற்காக அவர் கூலியைப் பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதற்குச் சட்டத்திருத்தம் வேண்டியதில்லை. தயாரிப்பாளர் சங்கமும் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியும் ஒரே கூட்டத்தில் பேசி முடிக்கக்கூடிய விஷயம் இது. அடுத்த கோடைப் படப்பிடிப்புகள் தொடங்குமுன் அதைச் செய்து முடிக்க வேண்டும்.